மேன் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தியது

ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடும் கணினிக்கு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கினேன். அதை இயக்கும் நிரலான டிரைவரின் மேன் பக்கத்தில், அதாவது கையேட்டுப் பக்கத்தில், அந்த மாடல் பெயர் அப்படியே இருந்தது. அதை நம்பித்தான் வாங்கியதே. செருகினால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தரும் செய்தியில் ‘யுஜென்’ என்ற பொதுப் பெயர் மட்டும் வருகிறது. நெட்வொர்க் இன்டர்ஃபேஸைக் காணோம்.

யுஎஸ்பிகான்ஃபிக் கட்டளையால், சாதனம் தன்னைப் பற்றித் தரும் தகவலான டிஸ்கிரிப்டரை எடுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. தயாரிப்பாளர் எண், தயாரிப்பு எண், வன்பொருளின் திருத்த எண் ஆகியவற்றை யுஎஸ்பி சாதனம் தானே சொல்லிவிடும். டிரைவர் தன் அட்டவணையில் தேடுவது இப்படிப்பட்ட எண்களைத்தான். பெட்டியில் அச்சிட்ட பெயர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விற்ற நிறுவனம் உள்ளே வேறு சிப்பை வைத்துவிட்டு, மாடல் பெயரைத் தொடாமல் விட்டிருந்தது. நண்பரிடம் இருந்த பழைய அடாப்டர் அதே பெயர், வேறு எண்கள், ஒழுங்காக வேலை செய்தது. ஆக, மேன் பக்கத்தில் இருந்தது பொய்யில்லை, போதாது.

சரி, திருத்தி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். டிரைவர்களுக்கான மேன் பக்கங்கள் 4-ஆம் பிரிவில் இருக்கின்றன. அவற்றை எழுதும் எம்டாக் வடிவம் ஒன்றும் கடினமில்லை: உள்ளடக்கம் மாறினால் மேலே உள்ள தேதியையும் மாற்ற வேண்டும், மேண்டாக் கருவியின் லின்ட் என்ற பிழை தேடும் சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான். மாடல் பெயருக்குப் பக்கத்தில் சிப்பின் பெயரையும் எண்களையும் சேர்த்தேன். ‘புதிய வன்பொருள் திருத்தம் வேலை செய்யாது’ என்று ஒரு வாக்கியமும் எழுதி, பிழைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் பேட்சை (செய்த மாற்றத்தை) போட்டேன்.

பேச்சு நீண்டது அந்த ஒரு வாக்கியத்தில்தான். ‘ஹார்ட்வேர்’ என்ற பகுதியில் இருக்கும் பட்டியல் மேன் பக்கத்தோடு நிற்பதில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வரும் வன்பொருள் குறிப்புகளுக்குள் தானாகவே போய்ச் சேர்கிறது. ஆதரவு உள்ளவற்றின் பட்டியலில் ஆதரவு இல்லாத ஒன்று நுழைந்தால், அவசரமாகப் பார்ப்பவர் பெயரை மட்டும் பார்த்து, இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். எனவே எச்சரிக்கையை ‘கேவியட்ஸ்’ (கவனிக்க வேண்டியவை) பகுதிக்கு நகர்த்தச் சொன்னார்கள், பேட்சைப் பார்வையிட்டவர்கள். நியாயம்தான், நகர்த்தினேன்.

அடுத்து ஒரு கேள்வி: சேர்த்த எண்களெல்லாம் கையில் வைத்துச் சோதித்தவையா, மூல நிரலின் அட்டவணையிலிருந்து எடுத்தவையா? எனக்குப் பிடித்த கேள்வி இது. அட்டவணையில் எண் இருந்தால் டிரைவர் அந்தச் சாதனத்தை ஏற்க முன்வரும் என்றுதான் பொருள்; பாக்கெட் ஒழுங்காகப் போய்வரும் என்று பொருளில்லை. நண்பரின் அடாப்டரில் வந்த டிஸ்கிரிப்டரையும் கர்னல் செய்தியையும் இணைத்தேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

பேட்ச் முதலில் புது வேலைகள் நடக்கும் மெயின் கிளைக்குப் போனது, அப்புறம் வெளியீடுகளுக்கு அடிப்படையான ஸ்டேபிள் கிளைக்கு. ஏற்கெனவே வெளியான பதிப்பை வைத்திருப்பவருக்கு இன்னமும் பழைய வரிதான் தெரியும். அவர்கள் தேடினால் அகப்படட்டும் என்று பக்ஸில்லா பதிவின் தலைப்பிலேயே மாடல் பெயரையும் எண்களையும் போட்டுவைத்திருக்கிறேன்.