வெள்ளைப் பிட்டு மட்டும் சாப்பிடும் என் மகன்

என் மகனுக்கு 11 வயது. கோதுமை மா பிட்டு, சீனி, உருளைக்கிழங்குப் பொரியல், ஒரே வகை பிஸ்கட். இவ்வளவுதான் அவன் சாப்பாடு. பிட்டில் சொதி பட்டாலே கோப்பையைத் தள்ளிவிடுவான்.

"ரெண்டு நாள் பட்டினி போடுங்கோ, தானாச் சாப்பிடுவான்" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. சில பிள்ளைகள் பசித்தாலும் சாப்பிடமாட்டார்கள். சின்ன வயது அடம் பெரும்பாலும் வளர வளரக் குறையும். இந்த வயதிலும் நீடித்து, எடையும் வளர்ச்சியும் பாதிக்கப்பட்டால் அது 'ஆர்ஃபிட்' என்ற உணவுக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் மனநலக் கோளாறுகளைப் பட்டியலிடும் தன் கையேட்டில் அதைச் சேர்த்தது. மெலிய வேண்டும் என்ற ஆசை அதில் இல்லை. மணம், பதம், விக்கிவிடுமோ என்ற பயம், இவை போன்றவைதான் காரணம். டொக்டரிடம் காட்டி எடையையும் இரத்தத்தையும் பார்ப்பது அவசியம்.

வீட்டில் எதை, எப்போது வைப்பது என்பது எங்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது அவனுடையது. அவனுக்குப் பிடித்தது ஒன்று எப்போதும் இருக்கும், பக்கத்தில் கொஞ்சம் முருங்கையிலை வறை. தொடாவிட்டால் பேச்சே இல்லை. அப்புறம், பிட்டு மாவில் துளி சிவப்பரிசி மா, அதுவும் அவனிடம் சொல்லிவிட்டுத்தான். ஒளித்துக் கலந்தால் பிட்டையும் விட்டுவிடுவான்.

ஆடிப்பிறப்புக்குக் கூப்பிடும் சொந்தங்களே, அவன் கூழ் குடிக்காததை அவன் முன்னால் பேசாதீர்கள். அவனுக்கான பிட்டை நான் கொண்டுவருகிறேன்.