கீச்சாங்குப்பம் கேசட்

24.11.2024
கீச்சாங்குப்பத்துத் தம்பி மறுபடியும் போன். "அக்கா, அம்மா பேசுனது கெடச்சுதா?"

26.11
கிடைத்தது, சுனாமி ஆவணப்படத்துக்கு எடுத்த கேசட். 'கீச்சாங்குப்பம், ஜனவரி 2005, வலைக் கொட்டகை' என்று என் கையெழுத்து. நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே ஓட்டினால் கேமராவில் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்த கேசட்டையும் நாசமாக்கும். சிலிக்கா ஜெல் போட்டு டப்பாவில் மூடியிருக்கிறேன்.

30.11
ஃபெஞ்சல் புயல். விடாத மழை. சுவரெல்லாம் ஓதம். டப்பாவைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

4.12
பதவி உயர்வுப் படிவம். கட்டுரைக்குக் கட்டம் இருக்கிறது, நூலுக்கு இருக்கிறது, கருத்தரங்குக்கு இருக்கிறது. ஆவணப்படத்தை 'இதர' என்பதில் எழுத வேண்டுமாம். சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். டிவிக்காரர்கள் கிளம்பிப் போன பிறகும் அந்த ஊரிலேயே கிடந்து எடுத்தது, இதர! நிரப்பாமல் வைத்துவிட்டேன்.

மதியம் வகுப்பில் கேட்டேன்: படத்தில் சேராத ஃபுட்டேஜ் யாருக்குச் சொந்தம்? தயாரிப்பாளருக்கு என்றார்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "பேசுனவங்களுக்குத்தான் மேம்" என்றாள். எனக்கும் அதுதான். தம்பியின் அம்மா பேசியதில் ஒரு நிமிடம்கூடப் படத்தில் இல்லை. அந்த அம்மா இப்போது இல்லை.

9.12
கேசட்டை ஓட்டிப் பார்க்கப் பழைய பிடி170 கேமரா இரவல் கிடைத்தது. அதிலிருந்து படத்தை ஏற்ற ஃபயர்வயர் இணைப்பு இருக்கிற கம்ப்யூட்டர்தான் எங்கேயும் இல்லை.

12.12
ஓடியது! கேசட் ஓடுகிற நேரம் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வலையைக் காலில் மாட்டிக்கொண்டு, நூலைப் பல்லால் கடித்தபடி பேசுகிறார். "சின்னவன் கையப் புடிச்சுப் பெரியவங்கிட்டதான் குடுத்தேன். தண்ணி வந்தப்ப அவன்…" அந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாகச் சிதறி, குரல் அறுந்துபோகிறது. திரும்ப வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பெரியவன்தான் தம்பி.

13.12
தூக்கமில்லை. "அவன் என்ன பண்ணுவான், அவனும் புள்ளதானே" என்று சொன்னதாக ஒரு ஞாபகம். ஞாபகத்தை நம்பி அவனிடம் அதைச் சொல்ல மாட்டேன். அவர் வாயால் அவன் கேட்கட்டும்.

14.12
தம்பி போன். எடுக்கவில்லை.

16.12
கேசட் ஓட்டுகிற வேறு டெக்கில் போட்டால் விட்டுப்போன ஃபிரேம்கள் சில சமயம் கிடைக்கும். இதில் சிதறுவது அதில் நிற்கும், இரண்டையும் ஒட்டிக்கொள்ளலாம். வடபழனியில் ஒருவரிடம் டிவிகேம் டெக் இருக்கிறதாம், நாளை காலை வரச் சொல்லியிருக்கிறார். 26ஆம் தேதிக்குள் அவனுக்கு வேண்டும். வகுப்பை மாற்றிவிட்டேன்.