ஸ்லைடை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்

ஒரே வாரத்தில் கோத்தகிரியிலிருந்து கோவைக்கு மூன்று தடவை இறங்கினேன். அதில் இரண்டு வீண்.

தம்பிக்கு 28 வயது, தேயிலை ஃபேக்டரியில் வேலை. முழங்கால் வலி, எம்ஆர்ஐ, பயாப்சி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. ரிப்போர்ட்டில் 'ஜெயன்ட் செல் (ராட்சச செல்) கட்டியாக இருக்கலாம், ஹெச்3.3 ஜி34டபிள்யூ பார்க்கவும்' என்று இருந்தது. அந்தக் கட்டியில் ஒரு ஜீன் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. இதே பெரிய செல்கள் ஒருவகை எலும்புப் புற்றுநோயிலும் வருமாம். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் தடவை, பயாப்சித் துணுக்கை மெல்லிசாக வெட்டி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு இரண்டையும் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். லேபில், "இதுல சாயம் போட்டாச்சுங்க அக்கா, புதுசா வெட்டணும். பிளாக் கொண்டு வாங்க" என்றார்கள். பயாப்சித் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பதுதான் பிளாக். பயாப்சி எடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடினால், பேஷண்ட் கையெழுத்து இல்லாமல் தரமாட்டோம் என்று கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை கையெழுத்தோடு போனேன். "டாக்டர் கடிதம் எங்கே?" என்றார் அதே கிளார்க். முதல் நாளே அதையும் சொல்லியிருக்கலாமே! இன்னும் மனசு ஆறவில்லை.

மூன்றாம் தடவை பிளாக் கைக்கு வந்தது. தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் கூடு, மெழுகுக்குள் அரிசியளவு பழுப்புத் துணுக்கு. மெழுகு என்பதால் வெயிலில் வைக்காதீர்கள். இன்னொன்று: எலும்பை வெட்டுவதற்காகச் சுண்ணாம்பை ஆசிட்டில் கரைப்பார்கள். கடும் ஆசிட் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். ஆசிட் படாத துணுக்கு தனி பிளாக்கில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு இருந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு செல்லிலும் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதங்களில் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கிறது. எந்த ஜீன் திறக்கும், எது மூடும் என்பதில் அந்தக் கண்டுக்கும் பங்குண்டு. ஹெச்3.3 அப்படி ஒரு ஹிஸ்டோன். அதில் 34-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டிரிப்டோஃபேன் என்ற இன்னொன்று வந்துவிட்டால் (அதுதான் ஜி34டபிள்யூ), எலும்பு கட்ட வேண்டிய செல் முதிராமல் பாதியில் நின்று பெருகுகிறது. எலும்பை அரிக்கும் ராட்சச செல்களை அதுவே வரவழைக்கிறது. ஆக, பெயர் ராட்சச செல்லுக்கு, தப்பு இந்தச் செல்லில். 2013-இல்தான் இதைக் கண்டுபிடித்தார்களாம். இதே ஹிஸ்டோனில் 27-ஆவது இடம் மாறினால் குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் கொடிய கட்டி வரும் என்றபோது வயிறு கலங்கிவிட்டது.

பரம்பரையா என்று அம்மா கேட்டார். இல்லை, அந்த எலும்பின் செல்லில் புதிதாக வந்த மாற்றம் என்றார் டாக்டர்.

ரிசல்ட் பாசிட்டிவ், அதாவது அந்த மாற்றம் இருந்தது. ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்து ஜெயன்ட் செல் கட்டிதான் என்று உறுதி செய்தார். திரும்ப வரக்கூடியது, ஆனால் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. அன்று ராத்திரி அம்மா இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் ஆபரேஷன். பிளாக்கைத் திரும்ப ஒப்படைக்கவும் கடிதம் கேட்பார்களாம். இந்தத் தடவை இரண்டு நகல் எடுத்து ஃபைலில் வைத்துவிட்டேன்.