பம்புசெட் கணக்கு யாரிடம் இருக்கிறது?

மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் யூனிட்டுக்கு எவ்வளவு என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறோம். மின்வாரியம் கட்டணத்தை மாற்றக் கேட்டுக் கொடுக்கும் கட்டண மனு கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது வேறொரு எண்ணை: விவசாயத்துக்கு எத்தனை கோடி யூனிட் போனதாக எழுதியிருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய இணைப்புகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. அதனால் சில பம்புசெட்டுகளில் மட்டும் மாதிரிக்கு மீட்டர் வைத்து, அதில் வருவதை மொத்தக் குதிரைத்திறனுக்கும் பெருக்கிக்கொள்கிறார்கள்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது, ஏனென்றால் மின் இழப்பு என்று செய்தியில் வரும் சதவீதமும் இதிலிருந்துதான் பிறக்கிறது. கட்டமைப்புக்குள் வந்த மொத்த மின்சாரத்தில் மீட்டர் போட்டு விற்றதையும் விவசாய மதிப்பீட்டையும் கழித்தால் மிஞ்சுவதுதான் இழப்பு. மதிப்பீட்டைக் கொஞ்சம் ஏற்றினால் இழப்பு தானாக இறங்கும். 5 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 3.7 யூனிட் இழுக்கும். அப்படி 20 லட்சம் மோட்டார்கள் ஆண்டுக்கு வெறும் 100 மணி நேரம் கூடுதலாக ஓடியதாக எழுதிப் பாருங்கள், 74 கோடி யூனிட் இழப்புக் கணக்கிலிருந்து விவசாயக் கணக்குக்கு மாறிவிடும். திருட்டு, பழைய கம்பி, எல்லாப் பழியும் பம்புசெட் மேல்.

இத்தனைக்கும் தகவல் இல்லாமல் இல்லை. ஏட்டில் 5 எச்.பி. என்று இருக்கும் கிணற்றில் தண்ணீர் கீழே போனதால் இப்போது 7.5 ஓடுகிறது, அதுவும் காயில் எரிந்து திரும்பக் கட்டிய மோட்டார் என்பது அந்த ஊர் லைன்மேனுக்கு நன்றாகத் தெரியும், காயில் கட்டிக் கொடுத்த கடைக்காரருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். துணைமின்நிலையத்தில் ஃபீடர் (அங்கிருந்து ஊர்களுக்குப் பிரியும் மின்பாதை) வாரியாக ஆம்பியர் குறித்து வைக்கிறார்கள். எந்தப் பயிருக்கு எவ்வளவு தண்ணீர் என்று வேளாண் பல்கலைக்கழகத்தைக் கேட்டால் சொல்வார்கள். இவையெல்லாம் ஒரே மேஜைக்கு வருவதில்லை. கட்டணத்தை முடிவு செய்யும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போய்ச் சேர்வது கூட்டிக் கழித்த ஒற்றை எண். அது எப்படி வந்தது என்று விளக்கத் தெரிந்த பொறியாளர் மாற்றலாகியிருப்பார், இல்லை ஓய்வு பெற்றிருப்பார்.

சரி, எல்லோருக்கும் மீட்டர் வைத்துவிடலாமே என்பீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீட்டர் இல்லாமல் மின்சாரமே தரக்கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-இல் கோவைச் சாலைகளை மாட்டு வண்டிகளால் அடைத்த விவசாயிகளின் பிள்ளைகளிடம் போய் ‘சும்மா அளக்கத்தான்’ என்றால் யார் நம்புவார்கள்? இன்று மீட்டர், நாளை பில் என்ற அவர்களுடைய சந்தேகத்தை அறியாமை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கிணற்றை விட்டுவிட்டு டிரான்ஸ்பார்மரில் அளக்கலாம். யார் எவ்வளவு இறைத்தார் என்பது தெரியாது, ஊருக்கு எவ்வளவு போனது என்பது தெரியும், கட்டணம் நிர்ணயிக்க அது போதும். ஆனால் அந்த அளவு மாதாமாதம் எக்செல் கோப்பாகப் பொதுவில் வர வேண்டும், ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக அல்ல. 2022-இல் கட்டண உயர்வுக்கு முன் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்பு நடத்தினார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் மைக் கையில் கிடைக்கும் சில நிமிடங்களில், ஆதாரத் தரவே கையில் இல்லாத ஒருவர் ‘ஏற்றாதீர்கள் ஐயா’ என்பதைத் தவிர வேறென்ன பேச முடியும்?