தரங்கம்பாடிக் கடிதங்கள் வாசிக்கப்பட்ட வீடு

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள எப்வொர்த்துக்கு ரயில் கிடையாது. டொன்காஸ்டரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வழி நெடுகத் தட்டையான வயல்கள். இந்தப் பக்கத்துக்கு ஆக்ஸ்ஹோம் தீவு என்று பெயர். சுற்றிலும் கடல் இல்லை. ஒரு காலத்தில் நாலாபுறமும் சதுப்பு நிலம். 1620களில் வெர்முய்டன் என்ற டச்சுக்காரர் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். மேய்ச்சலையும் மீன்பிடியையும் பறிகொடுத்த ஊரார் கலகத்தில் இறங்கினார்கள். அந்தப் பொல்லாத ஊருக்குத்தான் சாமுவேல் வெஸ்லி ஆங்கிலிக்கன் குருவாக வந்தார். 1705இல் கடனைக் கட்ட முடியாமல் லிங்கன் கோட்டைச் சிறையிலும் கிடந்தார். 1709 பெப்ரவரியில் குருமனை இரவோடிரவாக எரிந்தது. ஐந்து வயது மகன் ஜோன் மேல்மாடி ஜன்னலில் நின்று கத்த, ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பிள்ளையை இறக்கினார்கள். இறக்கிய கையோடு கூரை விழுந்தது. "அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி" என்று, பின்னாளில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தன்னைச் சொல்லிக்கொண்டது இதை நினைத்துத்தான். ஞாயிறு பாடசாலையில் இந்தக் கதையைக் கேட்காத மெதடிஸ்தப் பிள்ளை இருக்க முடியாது.

அதே இடத்தில் செங்கல்லால் திரும்பக் கட்டிய வீடு இன்று அருங்காட்சியகம். 1954இல் உலக மெதடிஸ்த மன்றம் வாங்கியது. மாடியில் பிள்ளைகளின் அறைகள், பேய் நடமாடியதாகச் சொல்லும் அறை எல்லாம் உண்டு. பேய்க் கதையில் எனக்கு அக்கறை இல்லை. நேரே குசினிக்குப் போனேன்.

1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் திருச்சபை மன்றக் கூட்டத்துக்காக லண்டனில் இருந்தார். பத்தொன்பது பிள்ளை பெற்று ஒன்பதைச் சிசுவிலேயே மண்ணுக்குக் கொடுத்த அவர் மனைவி சுசன்னா அம்மா, இந்தக் குசினியில் வீட்டிலிருந்த பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் வைத்து ஞாயிறு மாலையில் ஜெபம் நடத்தினார். கணவருடைய பிரசங்கங்களில் ஒன்றை எடுத்து வாசிப்பார், அவ்வளவுதான். வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொன்னான், அவர்கள் வந்தார்கள், அயலவர்கள் வந்தார்கள். கடைசியில் இருநூறு பேருக்கு மேல். நிற்க இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்களாம். அந்த அடுப்பருகே நின்று சுற்றிப் பார்த்தேன். முப்பது பேர் வந்தாலே தோள் இடிக்கும்.

இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? அதையும் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். மகள் எமிலி அப்பாவின் படிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்து வாசித்துக் காட்டினாள். தென்னிந்தியாவுக்குப் போன டேனிஷ் மிஷனரிகளின் விவரம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும்தான் அவர்கள். நாட்கணக்காக வேறு எதையும் நினைக்க முடியவில்லை, நான் ஆணும் அல்ல, குருவும் அல்ல, ஆனாலும் இதைவிட அதிகம் செய்யலாமே என்று தோன்றியது என்கிறார். கூட்டம் மட்டுமல்ல, ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து பேசும் வழக்கத்தையும் அப்போதே தொடங்கினார். ஜோனுக்கு வியாழன், தம்பி சார்ல்ஸுக்குச் சனி. சோழமண்டலக் கரையில் தமிழ் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேருடைய கதை, லிங்கன்ஷயர் சேற்றுக்குள் ஒரு தாயின் உள்ளத்தைப் பற்றவைத்திருக்கிறது! ஆண்டவருடைய வழிகளை யார் கணக்குப் பார்க்க முடியும்? மெதடிஸ்த சபையின் ஆரம்பத்தை ஜோனும் சார்ல்ஸும் படித்த ஒக்ஸ்போர்டில் தேடுகிறவர்கள் தேடட்டும். நான் அந்தக் குசினியில்தான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

உதவிக் குருவுக்கு இது பிடிக்கவில்லை. லண்டனுக்குப் புகார் எழுதினார். நிறுத்தச் சொல்லிக் கணவர் எழுத, சுசன்னா அம்மா கொடுத்த பதில் அபாரம்: விருப்பம் என்று சொல்லாதீர்கள், கட்டளையாகவே எழுதி அனுப்புங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழாமல் இருக்கும். சாமுவேல் அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் புனித அந்திரேயா ஆலயம். 1742 ஜூன் 6, ஞாயிறு. தகப்பன் ஊழியம் செய்த கோயிலில் உதவி செய்கிறேன் என்று கேட்ட ஜோனுக்கு, பொறுப்பிலிருந்த ரோம்லி இடம் கொடுக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஜோன் வெளியே வந்து தகப்பனின் கல்லறை மேல் ஏறி நின்றார். "தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல" என்று தொடங்கினார். ஊரே திரண்டது. அந்த வாரம் மாலைதோறும் அதே கல்தான் பிரசங்க பீடம். கல்லில் இரண்டு தடங்களைக் காட்டி வெஸ்லியின் பாதம் என்கிறார்கள். கல்லுக்குள் இருக்கும் இரும்புக் கறை, வேறொன்றும் இல்லை. ஆனாலும் கையை வைத்துத்தான் பார்த்தேன். அடுத்த ஜனவரியில் வந்தபோது ரோம்லி இராப்போசனம் கொடுக்கவும் மறுத்துவிட்டார். இத்தனைக்கும் ஜோன் சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தவர்.

இந்த ஊர்க்காரர் இன்னொருவரும் உண்டு, அலெக்சாந்தர் கில்ஹம். வெஸ்லிக்குப் பிறகு, சபை நிர்வாகத்தில் சாதாரண விசுவாசிகளுக்கும் சம பங்கு வேண்டும் என்று கேட்டதற்கு 1796இல் வெளியேற்றப்பட்டார்; அடுத்த வருடம் தனிச் சபை கண்டார். பிரிந்த கிளைகள் ஒன்றாக 1932 வரை ஆயிற்று. நம் சபைச் சண்டைகளை நினைத்து மனம் சோர்கிறவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல்.

1889இல் திறந்த வெஸ்லி நினைவாலயத்தில் காலை ஆராதனை. பாதி வாங்குகள் காலி, பாட்டு மட்டும் குறைவில்லை. முடிந்து தேநீர் குடிக்கும்போது, எங்கே இருந்து வருகிறாய் என்றார் ஒரு பாட்டி. மட்டக்களப்பு என்றேன். அங்கே மெதடிஸ்தர் எப்படி? அப்புறம் சொல்லாமல் இருக்க முடியுமா? மெதடிஸ்தத் தலைவர் தோமஸ் கோக் 1813 கடைசியில் மிஷனரிகளைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்டதும், நடுக்கடலில் அவர் இறந்ததும், வில்லியம் ஓல்ட் என்ற இளைஞர் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்து 1814இல் எங்கள் ஊருக்குத் தனியாக வந்ததும், 1815 ஏப்ரல் 1ஆம் திகதி அவரும் கண்மூடியதும். அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கியிருந்தார் என்றேன்.

"இப்போதும் நடக்கிறதா?"

"நடக்கிறது அம்மா, மெதடிஸ்த மத்திய கல்லூரி என்று பெயர்" என்று போனில் படத்தை எடுத்துக் காட்டினேன். பக்கத்து மேசையிலிருந்தும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.