தரவைக் கூட்டினேன், படம் கெட்டது

எம்ஆர்ஐ ஸ்கேனில் நேரத்தைத் தின்பது தரவு சேகரிப்புதான். அதனால் கே-ஸ்பேஸில், அதாவது படமாவதற்கு முன் ஸ்கேனர் கோடு கோடாகச் சேகரிக்கும் மூலத் தரவில், நாலு கோட்டுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, முழுப் படத்தையும் டீப் லேர்னிங் மாடலிடம் கேட்போம். நாங்கள் பயிற்றுவித்த மாடல், அசல் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற சராசரி மதிப்பெண்ணில், குறைந்த தரவிலிருந்து கணிதத்தால் படத்தை மீட்கும் பழைய கம்ப்ரஸ்டு சென்சிங் முறையை முந்தியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

2020-இல் வேகார்ட் ஆன்டூன், ஆண்டர்ஸ் ஹான்சன் முதலியோர், இத்தகைய மாடல்கள் எங்கே சறுக்குகின்றன என்று பிஎன்ஏஎஸ் ஆய்விதழில் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. அவர்கள் செய்த சோதனைகளை எங்கள் மாடலிலும் செய்து பார்த்தேன். மூளைப் படம் ஒன்றில் மூன்று பிக்சல் அகலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியை நானே வைத்தேன். பழைய முறை அதை மங்கலாகவாவது காட்டியது. மாடல் கொடுத்த படத்தில் அந்த இடம் வழவழவென்று இருந்தது, அங்கே எதுவுமே இருந்ததில்லை என்பதுபோல. இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான கலங்கல், மிகுந்த படத்தை டாக்டர் சந்தேகப்படுவார். இவ்வளவு சுத்தமான படத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

அதைவிட உறுத்தியது இன்னொன்று. மூன்றுக்கு ஒரு கோடு என்று தரவைக் கூட்டிக் கொடுத்தேன். படம் இன்னும் மோசமானது! ஒரே மாதிரி அமைப்பில் எடுத்த தரவை மட்டுமே காட்டி வளர்த்த பிள்ளை அது. கண்ணுக்கே தெரியாத சிறு மாற்றத்தைக் கொடுத்தபோதும் மாடல் ஆட்டம் கண்டது; அதற்குக் காரணம் வேறு. கோடுகளை விட்டுவிட்டால், வெவ்வேறான இரண்டு படங்கள்கூட ஏறக்குறைய ஒரே அளவீட்டைத் தரலாம். அவற்றையும் பிரித்துக் காட்ட மாடல் பழகிவிட்டால், அளவீட்டில் துளி அசைவு போதும், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும்.

பழைய முறை மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. அதற்கென்றே தேடிப்பிடித்த மாற்றத்தைக் கொடுத்தபோது அதுவும் தடுமாறியது. 2021-இல் வந்த ஓர் ஆய்வும் இதையேதான் சொன்னது.

பயிற்சித் தரவில் இரைச்சலைக் கலந்து, கோடுகளின் அமைப்பையும் மாற்றி மாற்றிக் கொடுத்து மறுபடி பயிற்றுவித்தோம். சராசரி மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. "இறங்கியதைப் போய் வெளியிடுவதா?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். பதிலாகப் புள்ளி வைத்த படத்தைத் திரையில் போட்டேன். இப்போது எங்கள் அறிக்கையில் சராசரிக்குப் பக்கத்திலேயே மிக மோசமாக வந்த படமும் இருக்கும்.

மூன்று பிக்சல் புள்ளி திரும்பி வந்துவிட்டது. இரண்டு பிக்சல் புள்ளி இன்னும் வரவில்லை.