பின்காலை எங்கே வைப்பது: எயார் பிஸ்டல் நாட்குறிப்பு

2025 ஜூலை 6, ஞாயிறு, கல்லடி

இரவுக் கோச்சியில் மட்டக்களப்பு வந்து சேர்ந்தேன். இந்த முறை கொழும்பில் சேர், என் பயிற்றுநர், சுடவே விடவில்லை. நிற்பதற்குத்தான் பயிற்சி.

முதலில் இரண்டு கையால் பிடிக்கும் முறைகளைக் காட்டினார். ஐசோசிலிஸில் இலக்கை நேருக்கு நேர் பார்த்து இரண்டு கையையும் முழுக்க நீட்ட வேண்டும். மேலிருந்து பார்த்தால் நெஞ்சும் கைகளும் இருசமபக்க முக்கோணி. வீவர் முறையில் உடம்பு சற்றுத் திரும்பும், இடது முழங்கை மடியும், வலது கை முன்னே தள்ள இடது கை பின்னே இழுக்கும். 1950களில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஷெரிஃப் துறையில் இருந்த ஜாக் வீவர் போட்டிகளில் இப்படி நின்று ஜெயித்தவர். வலது கையை நேராகவே வைத்து இடதை மட்டும் மடித்தால் அது சாப்மன் முறை.

இவை எல்லாம் துவக்கின் உதைப்பைத் தாங்கிக்கொண்டு அடுத்த வெடிக்கு உடனே திரும்புவதற்காக வந்தவை. என்னுடையது 10 மீற்றர் எயார் பிஸ்டல், காற்றழுத்தத்தால் சுடும் கைத்துவக்கு. உதைப்பு இல்லை என்றே சொல்லலாம், விதியும் ஒற்றைக் கைதான். ஆனாலும் வீவரில் நின்றுவிட்டு இடது கையை எடுத்த அந்த நொடியில்தான், அந்தக் கை இவ்வளவு நேரமும் எதைச் சுமந்தது என்று தோளுக்குத் தெரிந்தது. இனி அந்த வேலையை இடுப்பும் கால்களும் செய்ய வேண்டும்.

ஜூலை 9, புதன்

மாமா வந்திருந்தார். போனில் அந்தத் துருக்கிக்காரரின் படம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணியில் வெள்ளி எடுத்த யூசுப் டிகேச். "பாரன், பொக்கெற்றுக்குள்ள கைய விட்டுக்கு எவ்வளவு ஸ்டைலா நிக்கான்!"

அது ஸ்டைல் இல்லை மாமா என்று எழுந்து நின்றே காட்டினேன். சும்மா தொங்கும் கை மூச்சோடு சேர்ந்து ஆடும், தோளை ஒரு பக்கம் இழுக்கும், அந்த ஆட்டம் பிஸ்டல் வரைக்கும் போகும். பொக்கெற்றில் போட்டாலோ பெருவிரலை இடுப்புப் பட்டியில் கொளுவினாலோ அந்தக் கை அடங்கிவிடும். மாமாவும் எழுந்து ஒரு கையை நீட்டி, மறு கையை விட்டும் கட்டியும் பார்த்தார். ஒத்துக்கொண்டார்.

அம்மாவுக்குத்தான் இன்னும் மனம் ஒப்பவில்லை. "முன் விறாந்தையில செய்யாத மகள், ரோட்டால போற ஆக்கள் என்ன நினைக்கும்." அவ இந்த ஊரில் என்னென்ன பார்த்திருக்கிறா என்பது எனக்குத் தெரியும். அதனால் பின் அறையில், கதவைச் சாத்திவிட்டுத்தான். பிஸ்டல் கொழும்பிலேயே பூட்டில் இருக்கிறது, வீட்டுக்கு வராது. இங்கே என் கையில் இருப்பது கைபிடி வைத்த ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல். ஏறத்தாழ அதே எடை.

ஜூலை 14, திங்கள்

இன்று செய்ததை விரிவாக எழுதி வைக்கிறேன், பழகுகிற வேறு யாருக்காவது உதவும்.

சுவரில் தரையிலிருந்து 1.40 மீற்றர் உயரத்தில் கறுப்பு வட்டம் ஒட்டினேன், போட்டியில் இலக்கின் நடு இருக்கும் உயரம் அதுதான். வலது கால் முன்னே, இடது கால் பின்னே, தோள் அகலம், பாரம் இரண்டிலும் சமம். கையை உயர்த்தி வட்டத்துக்கு நேரே பிடித்தேன். அப்புறம், கை தானாக எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கக் கண்ணை மூடி, கையை இறக்கி, மறுபடி உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்தேன். கை வட்டத்துக்கு இடப்பக்கம் நின்றது.

இங்கேதான் கையால் திருத்த ஆசை வரும். திருத்தக் கூடாது. தசையால் இழுத்துப் பிடித்த கை, போட்டியின் 75 நிமிடத்தில் 60 குண்டு முடிவதற்குள் தன் பழைய இடத்துக்கே போய்விடும். முன்காலை அசைக்காமல் பின்காலை மட்டும், நெஞ்சு பார்க்கும் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி கண்ணை மூடித் திறந்தேன். இன்னும் இடம்தான், ஆனால் முன்னைவிடக் குறைவு. பின்னும் ஒரு விரல் அகலம் நகர்த்திய பிறகு கண்ணைத் திறந்தால் வட்டம் பெருவிரல் மொளிக்கு நேரே இருந்தது. உடனே இரண்டு பாதத்தையும் சுற்றி வெண்கட்டியால் கோடு போட்டேன்.

ஜூலை 17, வியாழன்

கச்சான் காற்று. அறைக்குள் ஒரே வெக்கை, போத்தல் கையில் வழுக்குகிறது. கொஞ்ச நேரத்தோடு நிறுத்தினேன்.

ஜூலை 20, ஞாயிறு

மாமாங்கத் திருவிழா நடக்கிறது, வியாழக்கிழமை ஆடி அமாவாசைத் தீர்த்தம். வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போனதால் காலை முழுக்க எனக்கு அறை கிடைத்தது.

எவ்வளவு திரும்பி நிற்பது என்ற கேள்விதான் பாக்கி இருந்தது. முழுப் பக்கவாட்டாக, வலது தோள் இலக்கைப் பார்க்க நின்றால் கை எலும்பு நேராகிறது, தோளுக்குச் சுகம். ஆனால் கழுத்து முறுகுகிறது, கண் ஓரத்தால் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கோ ஆளும் கண், அதாவது குறி பார்க்கும்போது மூளை நம்பும் கண், இடது. இரண்டு கையாலும் சின்ன ஓட்டை வைத்து மணிக்கூட்டைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினேன். இடது கண்ணை மூடியதும் மணிக்கூடு காணாமல் போய்விட்டது. இடது கண்ணால் குறி பார்க்கத் தலை இன்னும் திரும்ப வேண்டும், முழுப் பக்கவாட்டு எனக்குச் சரிவராது.

நெஞ்சைப் பாதியளவு இலக்குப் பக்கம் திருப்பினேன். கழுத்து இளகியது. பதிலுக்குத் தோள் கூடுதலாக உழைக்கிறது, அதைப் பழக்கலாம். கழுத்து இறுகினால் மணிக்கட்டும் இறுகுகிறது, அதைத்தான் தாங்க முடியாது. கை முழுவதும் ஐந்து மில்லிமீற்றர் பக்கத்தில் நகர்ந்தால் சன்னமும் ஐந்து மில்லிமீற்றர்தான் தள்ளிப் போகும். மணிக்கட்டுத் திரும்பி, குழல் நுனியில் இருக்கும் முன் குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால், 10 மீற்றருக்கு அப்பால் அது ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். பத்துப் புள்ளி தரும் நடு வட்டமே 11.5 மில்லிமீற்றர்தான்.

ஆக, பாதித் திருப்பம், இடது பெருவிரல் இடுப்புப் பட்டியில். படங்களில் யாரும் சரியாக இப்படி நிற்கவில்லை, என் கண்ணுக்கும் கழுத்துக்கும் இதுதான் பொருந்துகிறது. பழைய கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டேன். அடுத்த முறை கொழும்பு போகுமுன் இதை ஒரு பெரிய தாளில் ஒற்றி எடுக்க வேண்டும். ரேஞ்சில் விரித்து, அதன்மேல் நின்று சேரிடம் காட்டலாம்.